பெயர் போடாமல் எழுதியவர்கள்



நம் தெருக்களில் முதலில் நாலெழுத்து படித்தவர்கள் எழுதியதெல்லாம் பெரும்பாலும் பிறருக்காகத்தான். பட்டா கேட்டு மனு, வெளியூர் போன மகனுக்குக் கடிதம், தலைவர் மேடையில் பேசுவதற்கு உரை. எழுதியவர் பெயர் எதிலும் இருக்காது. அவர்களை நினைத்தே இன்று ஒரு கறுப்பின எழுத்தாளரைப் பற்றிப் பேசுகிறோம்.

அலெக்ஸ் ஹேலி 1939இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் உணவு பரிமாறும் பணியாளராகச் சேர்ந்தார். அன்று கறுப்பர்களுக்கு அங்கே வேறு வேலை கிடைப்பது அரிது. கப்பலில் சக மாலுமிகளுக்குக் காதல் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். இருபது ஆண்டு கழித்து ஓய்வுபெற்று முழுநேர எழுத்தாளரானார். மால்கம் எக்ஸ் சொல்லச் சொல்லக் கேட்டு அவர் எழுதிய தன்வரலாறு 1965இல் வந்தது. அதில் வரும் 'நான்' மால்கம். ஹேலி தன் குரலில் பேசியது கடைசியில் சேர்த்த பின்னுரையில் மட்டும்தான்.

தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று நாம் படித்த அவருடைய சொந்த நாவல் 1976இல்தான் வெளியானது. டென்னசியின் ஹென்னிங் என்ற சிற்றூரில், பாட்டி வீட்டுத் திண்ணையில் கேட்ட கதைகளே அதன் விதை. அதில் குண்டா கிண்டேவுக்கு எஜமானன் டோபி என்று பெயர் வைக்கிறான். குண்டாவின் மனம் அதை ஏற்பதில்லை. பிறருக்காக எழுதிய கை, தனக்காக எழுத உட்கார்ந்தபோது, பெயரை விட்டுக்கொடுக்காத மனிதனையே எழுதியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹெரால்ட் கூர்லாண்டர் 1967இல் வெளியிட்ட 'ஆப்பிரிக்கன்' நாவலின் பகுதிகள் தன் நூலில் கலந்துவிட்டதை ஹேலி ஒப்புக்கொண்டார். 1978இல் பணம் கொடுத்து வழக்கைச் சமரசத்தில் முடித்தார். நமக்குப் பிடித்தவர் என்பதற்காக இதை மறைத்தால், இன்னொருவர் பெயரை நாமும் சேர்ந்து அழித்தவர்களாவோம்.

நாமும் பாட்டிமார் சொன்ன கதைகளையும் ஒப்பாரிகளையும் எடுத்து எழுதுகிறோம். 'ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றி' என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறோம். சொன்னவருக்குச் சம்மதம் என்றால் அவர் பெயரையும் போடுவோம்.

பிறருக்காக எழுதிக்கொண்டிருக்கும் தோழர்களே, மனு எழுதுவதை நிறுத்தாதீர்கள். அது ஊருக்கு வேண்டும். ஆனால் ராத்திரியில் ஒரு மணி நேரம் உங்களுக்காகவும் எழுதுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதை வாசிக்க இந்த மேடையில் இடம் உண்டு.

ஜெய்பீம்.