நாய் மேல வண்டி ஏத்திட்டா, அடுத்து என்ன?

போன மாசம் கள்ளக்குறிச்சியில இருந்து கல்வராயன் மலைக்கு பைக்ல போனேன். வெள்ளிமலைக்கு முன்னாடி ஒரு வளைவுல நாய் ஒண்ணு குறுக்கே ஓடி வந்து அடிபட்டுடுச்சு. கழுத்துல கயிறு; வீட்டு நாய். சுத்தி யாரும் இல்ல. கேஸ் ஆயிடுமோன்னு பயம். கிளம்பிடலாம்னு ஒரு நொடி தோணுச்சு.

நின்னேன். ஒரு பாட்டி வந்தாங்க. "நிக்காமயே போறாங்க தம்பி. நீயாவது நின்ன."

அந்த பயத்துக்கு பதில் இதுதான். 2020-ல மும்பையில டெலிவரி பையன் ஒருத்தர் வண்டியில தெருநாய் அடிபட்டு செத்துச்சு. மனுஷங்களுக்கான சட்டப் பிரிவுகளையும் சேர்த்து போலீஸ் வழக்கு போட்டாங்க. 2022 டிசம்பர்ல பாம்பே உயர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணி, அவருக்கு 20,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. வேணும்னோ தெரிஞ்சோ கொன்னாதான் குற்றம். இப்போ அது பாரதிய நியாய சன்ஹிதா 325. ஐந்து வருஷம் வரை சிறை.

ஆனா விபத்துதானேன்னு கிளம்பவும் முடியாது. வளர்ப்பு நாய் சட்டப்படி இன்னொருத்தர் சொத்து. மோட்டார் வாகனச் சட்டம் 134-ன்படி, அந்த இடத்துல போலீஸ் இல்லைன்னா 24 மணி நேரத்துக்குள்ள ஸ்டேஷன்ல சொல்லணும். இன்சூரன்ஸுக்கும் எழுத்துல தெரிவிக்கணும்.

அந்த நாய் பிழைச்சுது, ஒரு கால் நொண்டுது. கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962. இப்பவே போன்ல சேவ் பண்ணிக்கோங்க.