பச்சையா இருந்த 40 நாள்

இந்த வாரம் புது ஃப்ரேம்வொர்க், இன்டர்வியூ டிப்ஸ் எதுவும் கிடையாது. நான் சொதப்புன கதை ஒண்ணு சொல்லப்போறேன். பேக்கப் பத்திப் பேசுங்கன்னு ரொம்ப நாளா கேக்கறீங்க. கூடவே, "கிரான்ல ஒரு ஸ்கிரிப்ட் போட்டா முடிஞ்சுது, இதுல பேச என்ன இருக்கு ப்ரோ"ன்னும் கேக்கறீங்க. ஒரே ஒரு மெஷின் இருந்தா நீங்க சொல்றது ஏறக்குறைய சரிதான். மெஷின் பன்னிரண்டு ஆகும்போது வேலையே மாறிடுது. அப்போ பேக்கப் எடுக்கறது சின்ன வேலை. எதை எடுக்கறோம்னு தெரிஞ்சு வச்சிருக்கறதுதான் பெரிய வேலை. எனக்கு அது புரிஞ்சது 2019 ஏப்ரல் 18 ராத்திரி.

2018-ல இன்ஜினியரிங் முடிச்சு சென்னையில ஒரு சின்ன கம்பெனியில சேர்ந்தேன். பேர் வேண்டாம். டீம்ல யாரும் தொட விரும்பாத வேலை எப்பவுமே புதுசா வந்தவன் தலையில விழும், இல்லையா? எனக்கு விழுந்தது பேக்கப். "எல்லாம் செட்டப் பண்ணியாச்சு, தினமும் காலையில மெயில் வரும், பச்சையா இருந்தா விட்டுடு, சிவப்பா இருந்தா பாரு." ட்ரெயினிங் அவ்வளவுதான்.

நாங்க பயன்படுத்தினது பாகுலா. பேக்கப்பையும் டிராகுலாவையும் சேர்த்து வச்ச பேரு. கெர்ன் சிபால்ட்ங்கறவர் 2000-ல ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர். அது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா கதை புரியாது. வேற டூல் பயன்படுத்தறவங்களுக்கும் பேருங்கதான் மாறும், அமைப்பு கிட்டத்தட்ட இதேதான்.

நடுவுல டைரக்டர்னு ஒரு சர்வர். கட்டட வேலையில மேஸ்திரி மாதிரி. அவர் செங்கல் தூக்க மாட்டார், யார் எப்போ எதைத் தூக்கணும்னு சொல்வார். நாம பாதுகாக்க வேண்டிய ஒவ்வொரு சர்வர்லயும் ஃபைல் டீமன்னு ஒரு சின்ன ப்ரோக்ராம் ஓடும், 9102 போர்ட்ல காத்துக்கிட்டு இருக்கும். மேஸ்திரி கூப்பிட்டதும் அது ஃபைல்களைப் படிச்சு நேரா ஸ்டோரேஜ் டீமனுக்கு அனுப்பும். ஸ்டோரேஜ் டீமன் அதை டிஸ்க்லயோ டேப்லயோ எழுதும். எந்த ஃபைல், எந்த தேதி, எந்த வால்யூம்ல இருக்குங்கற கணக்கு முழுக்க கேட்டலாக்னு ஒரு டேட்டாபேஸ்ல இருக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. மேஸ்திரிக்கு ஆட்களைத் தானா தெரியாது. அவர் கையில இருக்கற பேர் லிஸ்ட்டை வச்சுத்தான் கூப்பிடுவார். ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல ஒரு ஐபி முகவரி. லிஸ்ட்ல இல்லாத ஆள் சைட்ல நின்னாலும் அவர் கேக்க மாட்டார். வேலையை விட்டுப் போன ஆளோட பேர் இருந்தா, அவர் வீட்டு வாசல்ல போய் தினமும் கூப்பிட்டுக்கிட்டு இருப்பார். எங்க கதையில அந்த ஆள் கதவைத் திறந்து "வந்துட்டேன்"னு வேற சொல்லிட்டாரு.

எங்க கஸ்டமர்ல ஒருத்தங்க ஒரு ரத்தப் பரிசோதனை லேப். பேஷன்ட் விவரம், டெஸ்ட், ரிசல்ட் எல்லாம் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல. அந்த டேட்டாபேஸ் இருந்த பழைய மெஷின் திணற ஆரம்பிச்சதால புது விஎம்முக்கு மாத்தினோம். மார்ச் 9, சனிக்கிழமை ராத்திரி. அழகா போச்சு. பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிச்சு மூணு மணிக்கெல்லாம் டீ குடிக்கக் கிளம்பிட்டோம். பழைய மெஷினை மட்டும் ஆஃப் பண்ணல. "ஒரு ரெண்டு வாரம் ஓடட்டும், எதுக்கும் இருக்கட்டும்"னு விட்டோம். இந்த 'எதுக்கும் இருக்கட்டும்'ங்கற வார்த்தைதான் எங்களை முடிச்சது.

ஏன்னா டைரக்டர் லிஸ்ட்ல அந்த கிளையன்ட்டோட பேரு சரியாதான் இருந்துச்சு. ஐபி மட்டும் பழைய மெஷினோடது. மாத்த வேண்டியது நான். மாத்தல. பழைய மெஷினை ஆஃப் பண்ணியிருந்தா அடுத்த நாள் காலையிலேயே கனெக்ஷன் ஃபெயில்னு சிவப்பா ஒரு மெயில் வந்திருக்கும், அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணியிருப்பேன். ஆனா அது உயிரோட இருந்துச்சு. ராத்திரி ஒரு மணிக்கு அதோட போஸ்ட்கிரெஸ், யாருமே தொடாத அதே டேட்டாவை டம்ப் எடுக்கும். புது தேதியோட புது ஃபைல். ஃபைல் டீமன் அதைப் பத்திரமா அனுப்பும். காலையில மெயில்: 12-க்கு 12, ஓகே. ஒவ்வொரு நாளும் பச்சை.

ஏப்ரல் 16 அன்னிக்கு விஎம் ஓடற ஹோஸ்ட்ல ஒரு டிஸ்க் போச்சு. ரெய்டு 5, அதனால யாரும் பதறல. (வருமான வரி ரெய்டு இல்ல, ஒரு டிஸ்க் போனாலும் மத்த டிஸ்க்குகளை வச்சுத் தாக்குப்பிடிக்கற அமைப்பு.) 17-ம் தேதி புது டிஸ்க் மாட்டினோம். ரீபில்ட் ஓட ஆரம்பிச்சுது. ரீபில்ட்னா மிச்சம் இருக்கற எல்லா டிஸ்க்கையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிக்கணும். ஒரே நாள்ல வாங்கி, ஒரே நாள்ல மாட்டி, ஒரே அளவுக்கு உழைச்ச டிஸ்க்குகள். 18 மதியம் ரெண்டாவதும் போச்சு. ரெய்டு 5-ல ரெண்டு போனா அவ்வளவுதான்.

அன்னிக்கு தமிழ்நாட்டுல லோக்சபா தேர்தல் வாக்குப்பதிவு. ஆபீஸ் லீவு. காலையில ஓட்டுப் போட்டுட்டு வீட்டுல படுத்திருந்தவனை எங்க லீட் கூப்பிட்டார். ஓடிப்போனேன். எனக்குப் பயம் இல்ல, உண்மையைச் சொன்னா உள்ளுக்குள்ள ஒரு குஷிகூட இருந்துச்சு. இத்தனை மாசமா யாருமே மதிக்காத வேலை, இன்னைக்கு நம்ம நேரம்னு. புது விஎம் போட்டு, அன்னிக்கு விடிகாலை டம்ப்பை ரீஸ்டோர் பண்ண 40 நிமிஷம்தான் ஆச்சு. லீட் என் தோள்ல தட்டினார். ராத்திரி ஒன்பதரைக்கு லேப் ரிசப்ஷன்ல இருந்த அக்காகிட்ட "செக் பண்ணிப் பாருங்கக்கா"ன்னு சொன்னேன்.

பத்து நிமிஷம் கழிச்சு ஃபோன். "தம்பி, எல்லாம் வருது. ஆனா கடைசி பேஷன்ட் மார்ச் ஒன்பதாம் தேதியோட நிக்குதே?"

40 நாள். வயித்துல கல்லைக் கட்டின மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா அதுவும் குறைவுதான். கேட்டலாக்ல போய் பழைய ஜாப்களைப் பாத்தேன். மார்ச் 9 வரைக்கும் அந்த டம்ப் தினமும் கொஞ்சம் கொஞ்சமா பெருசாகிட்டே வந்திருக்கு. அதுக்கப்புறம் தினமும் ஒரே சைஸ். ஞாயிறு தவிர தினமும் ஆள் வர்ற லேப்போட டேட்டாபேஸ் 40 நாளா ஒரு இம்மிகூட வளரல. அந்த மெயில்ல சைஸும் ஒரு காலமா இருக்கும். நான் நிறத்தை மட்டும்தான் பாத்தேன்.

லீட் கத்தல. கத்தியிருந்தா பரவாயில்லன்னு தோணுச்சு. "சர்வர் லிஸ்ட்டை யாருப்பா மெயின்டைன் பண்றது?"ன்னு மட்டும் கேட்டார். ரூம்ல யாரும் பேசல. ஏன்னா லிஸ்ட் மூணு இருந்துச்சு: ஒரு எக்செல், டைரக்டரோட கான்ஃபிக் ஃபைல், அப்புறம் நிஜம். மூணையும் பக்கத்துல வச்சு யாரும் எப்பவும் பாத்தது இல்ல.

போன டிஸ்க்குகளை டேட்டா ரெகவரிக்கு அனுப்பினோம், ஒண்ணும் தேறல. அப்புறம் அந்த 40 நாளைத் துண்டு துண்டாத்தான் சேர்த்தோம். பரிசோதனை மெஷின்களுக்குள்ள பழைய ரிசல்ட் சேமிப்பு இருந்துச்சு, ஆனா அதுல பேஷன்ட் பேர் கிடையாது, சாம்பிள் நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யாரோடதுங்கறது அந்த அக்கா எழுதி வச்சிருந்த லாங் சைஸ் நோட்டுல இருந்துச்சு. சாஃப்ட்வேர் வந்து ரெண்டு வருஷம் ஆகியும் அவங்க நோட்டை விடல. "கரண்ட் போனா என்ன தம்பி பண்றது"ன்னு கேப்பாங்க; அதுக்கு முன்னாடி நான் சிரிச்சிருக்கேன். மெயில்ல போன பிடிஎஃப் ரிப்போர்ட்கள் சென்ட் ஃபோல்டர்ல கிடைச்சுது. ரெண்டு வாரம், நானும் லீட்டும் லேப்லயே உக்காந்து அவங்க சொல்லச் சொல்ல டைப் பண்ணோம். மைக்ராஸ்கோப்ல பாத்துக் கையால டைப் பண்ணின ரிசல்ட் நிறைய வரவே இல்ல.

அதுல ஒரு நாள், டயாலிசிஸ் பண்ணிக்கற ஒருத்தரோட பையன் வந்தார், ஏறக்குறைய என் வயசு. டாக்டர் போன மாச கிரியாட்டினினோட ஒப்பிட்டுப் பாக்கணும்னு சொன்னாராம், ஒரு காப்பி வேணும். எங்ககிட்ட அது இன்னும் ஏறல. அவர் திட்டல. பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போய், மஞ்சப்பையில இருந்த பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கிட்டு மறுபடி வந்தார். நாங்க அதைப் பாத்து எங்க டேட்டாபேஸ்ல ஏத்திக்கிட்டோம். ரீஸ்டோர்ங்கற வார்த்தையைக் கேட்டா எனக்கு இன்னும் அந்த மஞ்சப்பைதான் ஞாபகம் வருது.

பெரிய கம்பெனிகள்ல இப்படி நடக்காதுன்னு நினைக்காதீங்க. 2017 ஜனவரி 31-ல கிட்லேப்ல நடந்ததை அவங்களே முழுசா எழுதி வெளியிட்டிருக்காங்க. ராத்திரி வேலை பாத்துக்கிட்டிருந்த ஒரு இன்ஜினியர், இரண்டாம் சர்வர்னு நினைச்சு முதன்மை டேட்டாபேஸ் சர்வர்ல டெலீட் கமாண்ட் கொடுத்துட்டார். சுமார் 300 ஜிபி. சுதாரிச்சு நிறுத்தும்போது மிச்சம் இருந்தது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்கேன்னு போனா, எஸ்3-ல இருக்க வேண்டிய டம்ப் ஒண்ணுமே இல்ல. போஸ்ட்கிரெஸ் ஓடறது 9.6, டம்ப் எடுக்கற டூல் 9.2, வெர்ஷன் ஒத்துப்போகாம ஃபெயில் ஆகிட்டே இருந்திருக்கு. ஃபெயில் ஆச்சுன்னு போன மெயிலை, டிமார்க் சரிபார்ப்பு இல்லாததால மெயில் சர்வரே நிராகரிச்சிடுச்சு. எனக்குத் தினமும் பொய் சொல்ற மெயில் வந்துச்சு, அவங்களுக்கு உண்மை சொல்ற மெயில் வரவே இல்ல. கடைசியில அதே இன்ஜினியர் வேற ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அப்படியும் அந்த ஆறு மணி நேர டேட்டா போச்சு. மீட்கற வேலையை யூடியூப்ல லைவா காட்டினாங்க. அந்தத் தைரியம் எங்களுக்கு இருந்திருக்காது.

இப்ப நான் இருக்கற இடத்துல சர்வர் எண்ணிக்கை நூறைத் தாண்டியிருச்சு. காலையில வர்ற பச்சை மெயிலை நிறுத்திட்டேன். அதுக்குப் பதிலா ஒரு ஸ்கிரிப்ட், விஎம் ஹோஸ்ட்கள்கிட்டயும் கிளவுட்கிட்டயும் "இப்ப நிஜமா என்னென்ன ஓடுது"ன்னு கேட்டு, பேக்கப் கிளையன்ட் லிஸ்ட்டோட ஒப்பிடும். வித்தியாசத்தை மட்டும் அனுப்பும். அங்க இருக்கு, இங்க இல்ல. இங்க இருக்கு, அங்க இல்ல. எல்லாம் ஒத்துப்போனாலும் "ஒத்துப்போச்சு"ன்னு ஒரு வரி வரணும். மெயிலே வரலன்னா ஸ்கிரிப்ட் செத்துடுச்சுன்னு அர்த்தம். டேட்டாபேஸ் டம்ப் மூணு நாள் வளரலன்னாலும் கத்தும். திடீர்னு பாதியாச் சுருங்கினாலும் கத்தும்.

மைக்ரேஷன்ல ஒரே ஒரு விதி: புது மெஷின்ல எடுத்த பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணி, அதுல நேத்து தேதியோட ஒரு ரெக்கார்டைக் காட்டற வரைக்கும் டிக்கெட் மூடப்படாது. பழைய மெஷினைக் கழட்டும்போது ஒரு எச்சரிக்கை. சுத்தம் பண்றேன்னு அந்த கிளையன்ட்டைக் கேட்டலாக்ல இருந்தும் சேர்த்து அழிச்சிடாதீங்க. டேட்டா வால்யூம்ல இருக்கும், எங்க இருக்குன்னு சொல்ற கணக்கு போயிடும். பாகுலாவுல பிஸ்கேன்னு ஒரு டூல் வால்யூமைப் படிச்சுத் திரும்ப கணக்கு எழுதும்தான், ஆனா அது முடியறதுக்குள்ள விடிஞ்சிடும். கேட்டலாக்கையே பேக்கப் எடுக்க பாகுலாவுல தனி ஜாப் இருக்கு, தயவுசெஞ்சு அதை ஆஃப் பண்ணாதீங்க.

இன்னொண்ணு, இது நிறைய பேர் யோசிக்காதது. எல்லா சர்வரையும் தொடர்பு வச்சிருக்கற, எல்லா ஃபைலையும் படிக்க முடிஞ்ச ஒரே மெஷின் உங்க பேக்கப் சர்வர்தான். ஃபைல் டீமன் பொதுவா ரூட் அதிகாரத்தோடதான் ஓடும். ரான்சம்வேர் ஆளுங்க உள்ள வந்தா முதல்ல தேடறதும் அதைத்தான். பேக்கப்பை அழிச்சுட்டா நீங்க பணம் கொடுக்கறதைத் தவிர வழி இல்ல. அதனால அதுக்குத் தனி பாஸ்வேர்ட், தனி நெட்வொர்க். ஒரு பிரதி எந்த நெட்வொர்க்லயும் இல்லாம வெளியில.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டதும், ஸ்கிரிப்ட் குத்துமதிப்பா ஒரு சர்வர் பேரைக் கொடுக்கும். அதைக் காலி விஎம்ல ரீஸ்டோர் பண்ணணும், நேரம் குறிக்கணும். டீம்ல புதுசா வந்த பொண்ணுதான் இப்ப பண்றாங்க. நான் "பச்சையா இருந்தா விட்டுடு"ன்னு சொல்லிக் கொடுக்கல. நேத்து வந்த சர்வர் ரீஸ்டோர் ஆச்சு, ஆனா அப்ளிகேஷன் எழுந்திருக்கல. என்க்ரிப்ஷன் கீ இருக்கற ஃபோல்டரை யாரோ ரெண்டு வருஷம் முன்னாடி பேக்கப் லிஸ்ட்ல இருந்து விலக்கி வச்சிருக்காங்க. யாருன்னு ஹிஸ்டரியில பாத்தோம். நான்தான். அவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். திங்கக்கிழமை முதல் வேலை அதுதான்.

சரி மக்களே, உங்க ஆபீஸ் லிஸ்ட்ல இல்லாத சர்வர் ஏதாவது கண்டுபிடிச்சா எழுதி அனுப்புங்க, கம்பெனி பேர் போடாம. அடுத்த வாரம் பாக்கலாம்.