தச்சுப் பட்டறையில் முதல் வருடம்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் போன் செய்து, "நீங்க ஏதோ வித்தியாசமா பண்றீங்களாமே, அதைப் பத்திப் பேசுங்க" என்றார். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. இங்கே சிவில் படித்தேன். எட்டு வருடம் ஒரு கட்டடக் கம்பெனியில் சைட் இன்ஜினியராக இருந்தேன். முப்பத்திரண்டாவது வயதில் வேலையை விட்டுவிட்டு, காரைக்குடியில் ஒரு ஆசாரியாரிடம் தச்சு வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். பதினான்கு மாதம் அங்கே இருந்தேன். இப்போது நிலை, கதவு, ஜன்னல் செய்யும் சிறிய பட்டறை ஒன்று நடத்துகிறேன்.

ஏன் போனாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாங்கள் கட்டி ஒப்படைத்த வீடுகளில் கான்கிரீட்டைப் பற்றி வந்த புகாரைவிடக் கதவைப் பற்றி வந்த புகார்தான் அதிகம். மழைக்காலத்தில் கதவு சாத்தாது. சித்திரை வெயிலில் இடுக்குத் தெரியும். சாத்தாத கதவை இழைத்துவிடுவோம். கோடையில் இடுக்கு இன்னும் பெரிதாகும். இது ஏன் என்று சொல்ல எங்கள் ஆபீசில் ஒருவரும் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் போனேன். அதோடு கையால் வேலை செய்யும் ஆசையும் இருந்தது, அதை மறைப்பானேன்?

இன்றைக்கு இந்த விஷயத்தைப் பேச இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பட்டறைக்குள் போவோம்.

தச்சு வேலை கற்கப் போகிறவன் முதல் வாரமே ஒரு ஸ்டூலாவது செய்வான் என்று நினைப்போம். எனக்கு ஒன்றரை மாதம் கூட்டுவது, மரம் அடுக்குவது, உளி தீட்டுவது, இவ்வளவுதான். உளியின் சரிவை 25 டிகிரிக்குச் சாணை பிடித்து, நுனியில் மட்டும் 30 டிகிரிக்குக் கல்லில் தீட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்லும். ஆசாரியாருக்கு டிகிரி தெரியாது. தீட்டும்போது மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று மடங்கி நிற்கும். அது உளியின் அகலம் முழுவதும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். பிறகு உளியைத் திருப்பிப் போட்டு அந்தப் பிசிறை எடுக்க வேண்டும். மா மரத் துண்டின் வெட்டுமுகத்தில் அந்த உளியால் ஒரு சீவு சீவச் சொல்வார். மொட்டை உளி நாரை நசுக்கும், இடம் வெளுத்துப்போய்த் தூளாக உதிரும். தீட்டிய உளி பட்ட இடம் எண்ணெய் தடவியது போல மினுங்கும். அவர் உளியைப் பார்ப்பதில்லை, மரத்தைத்தான் பார்ப்பார். மினுங்காவிட்டால் உளி திரும்பக் கல்லுக்குப் போகும். இதைவிட நேர்மையான ஆய்வுக்கூடப் பரிசோதனையை நான் நம் கல்லூரியில் பார்த்ததில்லை. (நம் லேப் பொறுப்பாளர் முன்வரிசையில் இருக்கிறார், மன்னிக்க வேண்டும்.)

அடுத்தது அளவு. தச்சரின் மொழியில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் என்றால் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. "அரை நூல் தள்ளிக்கோ", "கால் நூல் விடு" என்றுதான் பேச்சு. ஆனால் டேப்பை அவர்கள் அதிகம் எடுப்பதில்லை. ஒரு வீட்டுக்குப் பத்து ஜன்னல் என்றால், ஒரு ரீப்பர் துண்டில் சட்டங்களின் உயரம், துளை வரும் இடம் எல்லாவற்றையும் ஒரே தடவை கோடு கீறிக்கொள்வார்கள். பிறகு பத்து ஜன்னலுக்கும் அந்த ரீப்பர்தான் அளவுகோல். ஒவ்வொரு தடவையும் டேப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு பிழை சேரும். சர்வே வகுப்பில் சேர்ந்துகொண்டே போகும் பிழையைப் பற்றி இரண்டு வாரம் படித்தோமே, அதற்கு மருந்து ஒரு ரீப்பர் துண்டு.

இப்போது அந்தக் கதவு விஷயம். பலகை வைத்த கதவைக் கவனித்தால், நெடுஞ்சட்டம், குறுக்குச்சட்டம் இரண்டுக்கும் நடுவே பலகை காடியில் உட்கார்ந்திருக்கும். சட்டங்களைத் துளையும் கழுந்துமாக இறுக்கிப் பசை போடலாம். கழுந்தின் கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பலகைக்குப் பசை போடவே கூடாது. "ஒட்டிட்டீங்கன்னா தம்பி, வெயில்ல அது தன்னைத்தானே பிளந்துக்கும்" என்பார். ஒரு அடி அகலப் பலகைக்கு இந்தப் பக்கம் அரை நூல், அந்தப் பக்கம் அரை நூல், ஆக ஒரு நூல் காடிக்குள் இடம் விடுவார்.

நான் சும்மா இருக்காமல் ஒருநாள் கணக்குப் போட்டேன். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் ஈரம் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், குறுக்குத் திசையைப் போல இரண்டு மடங்கு மாறும். தேக்கு, ஈரம் ஒரு சதவீதம் கூடினால் வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 0.19 சதவீதம் அகலும். கோடைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் இடையே மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 300 மில்லிமீட்டர் பலகை இரண்டேகால் மில்லிமீட்டர் அசையும். முக்கால் நூல்! அவர் விடுவது ஒரு நூல். சந்தோஷமாகக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "சரியா வருதுல்ல? அப்ப உங்க கணக்கு சரிதான்" என்றார்.

எட்டு வருடம் நான் தேடிய பதில் அதில் இருந்தது. காயாத மரத்தில் செய்த கதவும், அசைய இடம் விடாத கதவும் நிலைக்காது. எவ்வளவு ஈரத்துக்கு மேல் மரம் போகக் கூடாது என்பதற்கு இந்தியத் தரநிலை 287 என்று ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. ஈரம் பார்க்கும் மீட்டரும் கடையில் கிடைக்கிறது. சைட்டில் அந்த மீட்டர் வைத்திருந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஆசாரியார் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். அங்கே மெஷின் ரம்பத்துக்குத் தடுப்பு கிடையாது, மரத்தூளுக்கு முகமூடி கிடையாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. இதை அவரிடம் சொன்னபோது, "ஐம்பது வருஷமா இதைத்தான் குடிக்கிறேன்" என்று சிரித்தார். நான் முகமூடி போட்டேன். அவரிடம் இருந்த பையன்களில் இரண்டு பேர் பிறகு போட்டார்கள். என் பட்டறையில் தடுப்பு இல்லாமல் ரம்பம் ஓடாது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் மதியச் சாப்பாடு மட்டும். பிறகு கையாளுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த கூலி. என் மனைவி பள்ளி ஆசிரியை; அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. அது இல்லாவிட்டால் நான் இங்கே நின்று இப்படி விஸ்தாரமாகப் பேச முடியாது. யாராவது "மனசு இருந்தால் போதும்" என்று உங்களிடம் சொன்னால், அவர் வீட்டு வாடகையை யார் கட்டினார் என்று கேளுங்கள்.

இனி அந்த இன்னொரு காரணம். சென்ற ஆண்டு நம் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்த ஒரு மாணவர் என்னைத் தேடி வந்தார். படிப்பை விட்டுவிட்டு என் பட்டறையில் சேரட்டுமா என்று கேட்டார். அவருடைய தாத்தா ஆசாரி. அப்பா அந்தத் தொழிலை விட்டு வெளியே வந்து, ஃபிட்டர் வேலை பார்த்து, கடன் வாங்கி மகனை இங்கே சேர்த்தவர். வீட்டில் இரண்டு மாதமாக அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை.

நான் அந்த அப்பாவைப் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "சார், எங்கப்பா உளி புடிச்ச கையாலதான் என்னை ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டாரு. இந்த வேலை என்னோட போகட்டும்னு சொல்லித்தான் விட்டாரு. நீங்க படிச்சுட்டு வந்து உளி புடிச்சா உங்களைப் பாராட்டுவாங்க. என் மகன் புடிச்சா, ஆசாரி மகன் ஆசாரியா ஆயிட்டான்னுதானே சொல்லுவாங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 1953-இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது, ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் வாங்கிக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு இல்லாமல் இருந்திருந்தால், இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் இங்கே வந்திருப்போம்? பிறப்பால் ஒருவன் கையில் உளியைத் திணிப்பது வேறு, ஒருவன் தானாகப் போய் எடுப்பது வேறு என்று நான் நம்புகிறேன். ஆனால் எனக்கு அது சுலபமாகத் தெரிகிற வித்தியாசம். அவருக்கு அப்படி இல்லை.

மாணவரிடம் சொன்னது இதுதான். டிகிரியை முடி. அது கையில் இருந்தால் நீ பட்டறைக்கு வந்தது உன் விருப்பம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் திரும்பவும் வழி இருக்கும். முறையாகக் கற்க ஐ.டி.ஐ.யில் கார்பென்டர் பிரிவு ஒரு வருடம். எட்டாம் வகுப்பு தேறியவர்களே சேரலாம். தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 1973-இல் செய்த திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் அதற்குள் வந்தார்கள். ஒப்பந்தம், உதவித்தொகை எல்லாம் அதில் உண்டு. பெங்களூரு மல்லேசுவரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் போய்ப் பார். ஆசாரியார் பட்டறை போன்ற சின்ன இடத்தில் ஒப்பந்தப் பேப்பர் இருக்காது. ஆகவே எத்தனை மாதம், எவ்வளவு கூலி, எந்தெந்த வேலை கற்றுத் தருவார் என்று முதல் நாளே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள். சேருமுன் அவர் நான்கைந்து மழைக்காலத்துக்கு முன்னால் செய்த கதவு ஒன்றைப் போய்ச் சாத்திப் பார். அவருடைய உளிகளையும் பார். பிளைவுட் ஒட்டுவது மட்டும்தான் நடக்கிறது என்றால் அதுவும் தொழில்தான்; ஆனால் நீ தேடி வந்தது அதுவல்ல.

அவர் இப்போது நான்காம் ஆண்டு. இந்த அரங்கில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்லவில்லை. அப்பாவும் மகனும் பேசுகிறார்கள். முடிவு இன்னும் ஆகவில்லை. தேர்வு முடிந்ததும் பட்டறையை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வரட்டும் என்றேன்.

மற்ற மாணவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். பட்டறை ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களில் காலை எட்டரைக்குத் திறப்போம். முகவரி சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். செருப்பு வேண்டாம், ஷூ.