ஷட்டர் வைத்த டி.வி.

(நம் சமுதாயக் கூடத்தில் ‘பழைய டி.வி. மாலை’ தொடங்கிய அன்று, பி பிளாக்கின் மூத்த குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

செயலாளர் என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார். தண்ணீர் லாரி வருகிற நேரம் என்பதால் அதற்கு மேல் பேசினாலும் நீங்கள் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

லிஃப்டில், வாக்கிங்கில், மருந்துக் கடை வாசலில் என்று எங்கே நின்றாலும் நம் வயதுக்காரர்கள் ஒரு வாக்கியம் சொல்கிறோம்: “அந்தக் காலத்து டி.வி. மாதிரி வருமா!” நானும் சொல்லியிருக்கிறேன். இந்த மாலை நிகழ்ச்சிக்கு எதையெல்லாம் போடலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். சரி, நிஜமாகவே வராதா என்று பார்த்துவிடுவோம் என ஒன்றரை மாதம் தினமும் யூடியூபில் உட்கார்ந்தேன். கூடவே எட்டாவது படிக்கும் என் பேத்தி. அவள்தான் நீதிபதி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதிக்குப் பாதி தேறவில்லை.

‘ஒளியும் ஒலியும்’ தேறாது. வெள்ளிக்கிழமை மாலை தெருவே அடங்கிப்போகும் என்று பெருமையாகச் சொன்னேன். “அவ்வளவுதானா தாத்தா, சினிமாப் பாட்டுதானே?” என்றாள். ஆமாம், அவ்வளவுதான். நாம் இழந்தது பாட்டை இல்லை, அந்த வெள்ளிக்கிழமையை. ‘எதிரொலி’யில் நேயர் கடிதத்துக்குப் பதில் சொல்வதையும், ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சியில் உரம் போடுவதையும் மாம்பலத்தில் ஒரு செடி கூட இல்லாத வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். வேறு வழி இல்லை, ஒரே சானல். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டி.வி. வந்த பிறகு மாற்றுவதற்கு இன்னொன்று கிடைத்தது. அதற்கு முன் வானிலை சரியாக இருந்தால் இலங்கையின் ரூபவாஹினி எடுக்கும். அதற்காக மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே ஒருவர் “வந்துடுச்சு... போயிடுச்சு...” என்று கத்த, தெருவுக்கே அது ஒரு நிகழ்ச்சி.

தேறியது எது? முதலில் ‘மர்மதேசம்’. அதிலும் ‘விடாது கருப்பு’. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது, பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. கதை இரண்டு காலங்களில் முன்னும் பின்னுமாக ஓடும். தப்பு செய்கிறவனைக் கருப்புசாமி தண்டிக்கிறாரா, அல்லது அந்தப் பெயரில் ஆளா என்பதுதான் கேள்வி. விடையைச் சொல்ல மாட்டேன். இங்கே பார்க்காதவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். பேத்தி முதல் எபிசோடை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டாள். மூன்றாவது எபிசோடில் பழைய வேகத்துக்கு வந்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மட்டும் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குத் துணைக்குக் கூப்பிட்டாள்.

அவள் கேட்ட ஒரு கேள்வி: “அடுத்தது வர ஒரு வாரம் ஆகுமா? அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?” என்ன பண்ணுவோம், பேசுவோம். பஸ்ஸில், ஆபீஸ் கேன்டீனில், பால் பூத்தில். குற்றவாளி யார் என்று எங்கள் பிரிவில் பந்தயம் கூடக் கட்டினார்கள். தூர்தர்ஷனில் பல தொடர்கள் 13 வாரத்தில் முடிந்துவிடும். அது எழுத்தாளனுக்குப் போட்ட கடிவாளம். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கியாக வேண்டும். நம் செய்தி மடலும் 13 வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. யாரும் காத்திருப்பதாகத்தான் தெரியவில்லை. (சிரிப்பு)

அப்புறம் பாலு மகேந்திராவின் ‘கதை நேரம்’. தமிழ்ச் சிறுகதைகளை எடுத்து, வாரம் ஒன்றாக 52 குறும்படங்கள். பாதிக் கதைகளில் பெரிதாக எதுவும் நடக்காது. ஒரு வீடு, இரண்டு பேர், சொல்ல முடியாத ஒரு விஷயம். இப்போது பார்த்தாலும் பழசாகத் தெரியவில்லை.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது அவருடைய இன்னொரு படத்தைப் பற்றி. ‘சந்தியா ராகம்’. 1989இல் தூர்தர்ஷனுக்காக எடுத்தது, தேசிய விருது வாங்கியது. கதை இதுதான். கிராமத்தில் ஒரு பெரியவர், மனைவி போய்விடுகிறாள். பட்டணத்தில் தம்பி மகன் வீட்டுக்கு வருகிறார். சின்ன போர்ஷன், சின்னச் சம்பளம், ஒரு பெண் குழந்தை, மருமகள் மறுபடி கர்ப்பம். அந்த வீட்டில் யாருமே கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் ஒரு ஆள் அதிகம். கடைசியில் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகிறார். சொக்கலிங்க பாகவதர்தான் பெரியவர், அர்ச்சனா மருமகள், ஓவியர் வீர சந்தானம் தம்பி மகன். நடிப்பு என்றே சொல்ல முடியாது.

இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நாங்கள் மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷனில் இருந்தோம். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு அடுப்படி. அம்மா போன பிறகு அப்பாவைக் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து கூட்டி வந்திருந்தேன். டி.வி. ஹாலில் இருந்தது. டயனோரா, மரப்பெட்டி, இழுத்து மூடுகிற ஷட்டர். அப்பாவின் மடக்குக் கட்டிலும் ஹாலில்தான். டி.வி. முடிந்த பிறகுதான் அதை விரிக்க இடம் வரும்.

அப்பா ஊரில் எட்டு மணிக்குப் படுத்துப் பழகியவர். இங்கே ஒன்பது மணி சீரியல், சில நாள் அதற்குப் பிறகும் ஏதாவது ஓடும். சுவரோரமாகப் பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இந்தி சீரியலையும் பார்ப்பார். அவருக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது. “மாமாவுக்கு டி.வி.ன்னா உயிர்” என்று என் மனைவி பக்கத்து போர்ஷனில் சொல்லுவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆறு வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

‘சந்தியா ராகம்’ முடிந்ததும் எப்போதும் போல ஷட்டரை இழுத்து மூடினேன். அப்பா எழுந்து கட்டிலை விரித்தார். “நல்ல படம்” என்றார். விளக்கை அணைத்தோம். அன்றைக்கு எனக்கு அந்த தம்பி மகன் மேல்தான் இரக்கம். சம்பளத்தில் எத்தனை பேரைத்தான் தாங்குவான், பாவம். போன மாதம் பார்த்தபோது என் கண் அவன் பக்கம் போகவே இல்லை. பெரியவர் வீட்டில் எங்கே உட்காருகிறார், எங்கே படுக்கிறார் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தை நடுவில் நிறுத்திவிட்டு என் மனைவியிடம் கேட்டேன், அப்பா ஒரு நாளாவது இந்தச் சீரியல் வையுங்கள் என்று கேட்டிருக்கிறாரா? அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு நாளும் இல்லை.

(பேச்சாளர் சற்று நிறுத்தினார்.)

சரி. இனி வேலைக்கு வருவோம்.

நான் பார்த்த ‘சந்தியா ராகம்’ பிரதி மங்கலாக இருந்தது. தன் சில படங்களின் நெகடிவே இப்போது இல்லை என்று பாலு மகேந்திரா வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். அவர் 2014இல் காலமாகிவிட்டார். அருந்ததி ராய் திரைக்கதை எழுதி, 1989இல் தூர்தர்ஷனில் வந்த ‘இன் விச் ஆனி கிவ்ஸ் இட் தோஸ் ஒன்ஸ்’ என்ற டெலிஃபிலிமுக்கும் அதே கதி. திரைக்கதைக்குத் தேசிய விருது வாங்கிய படம், ஷாருக் கான் சின்ன வேடத்தில் வந்த படம். ஆனாலும் பல வருஷம் ரசிகர்கள் கையில் இருந்தது வீட்டில் யாரோ டேப்பில் பதிந்து வைத்த மங்கல் பிரதிதான். அதைப் பதிந்து வைத்தது யாரோ ஒரு வீட்டுக்காரர்.

அந்த மாதிரி வீட்டுக்காரர்கள் இந்த நான்கு பிளாக்கிலும் இருக்கிறீர்கள். பரணில் வி.எச்.எஸ். கேசட் இருக்கிறது. அதில் கல்யாண வீடியோ இருக்கும், டி.வி.யிலிருந்து பதிந்த சீரியல் இருக்கும், பட்டிமன்றம் இருக்கும். கல்யாணத்துக்கு மேலேயே ‘மகாபாரதம்’ பதிந்த வீடும் உண்டு என்று கேள்வி. கடற்கரை ஊர் ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அதைப் போடும் வி.சி.ஆரும் இனி கிடைக்காது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இன்று ஓடுவதெல்லாம் பழுது பார்த்து ஓட்டுகிற பழைய மெஷின்கள்.

என் தங்கையின் 1992 கல்யாணக் கேசட்டை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இவ்வளவு பூஞ்சையோட மெஷின்ல போட்டா என் ஹெட்டும் போயிடும் சார்” என்றார். இரண்டு நாள் சுத்தம் செய்தார். மூன்று மணி நேரக் கேசட்டில் இருபது நிமிஷம் வந்தது. அதில் அப்பா இரண்டு இடத்தில் வருகிறார். ஒரு இடத்தில் முதுகு.

ஆகவே கமிட்டி சார்பில் கேட்டுக்கொள்வது: கேசட்டுகளைப் பரணிலிருந்து இறக்குங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், மெஷினும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். புத்தகம் மாதிரி நிற்க வைத்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். மேலே பெயரும் பிளாட் எண்ணும் எழுதி அலுவலகத்தில் கொடுத்தால், மொத்தமாகக் கொண்டுபோய்ப் பென் டிரைவில் ஏற்றித் தருகிறோம். செலவு அவரவருடையது, பேரம் பேசுவது மட்டும் நம் பொருளாளர். அதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

படங்களை இங்கே பொதுவில் போட உரிய அனுமதி வேண்டும், செயலாளர் எழுதிக் கேட்டிருக்கிறார். அது வரும்வரை முதல் சில வாரம் நம் வீட்டு வீடியோக்களையே போடலாம். சனிக்கிழமை மாலை ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிட வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். எட்டு மணிக்குப் படுக்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள். முதுகு சாயும் நாற்காலிகளை முன் வரிசையில் அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

லாரி வந்துவிட்டது போலிருக்கிறது.