சிரிச்சா ஒண்ணும் குறைஞ்சு போகாது



சேமிப்பு, கடன், தொழில் பற்றியெல்லாம் அக்காமார் நல்லா பேசிட்டாங்க. எனக்குத் தந்த தலைப்பு ‘பெண்களின் ஓய்வு நேரம்’. நமக்கு ஏது ஓய்வுன்னு நீங்க சிரிக்கது தெரியுது. நானும் சிரிப்பைப் பற்றித்தான் பேசப் போறேன். பழைய காதல் சிரிப்புப் படங்களைப் பற்றி.

நம்ம மாவட்டத்துக்கும் சிரிப்புக்கும் பழைய உறவு உண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908-ல் பிறந்தது நாகர்கோவில் ஒழுகினசேரியில்தான். அவரும் டி.ஏ. மதுரம் அம்மாவும் வாழ்க்கையிலும் ஜோடி, படத்திலும் ஜோடி. அவர் ஒண்ணு சொன்னா அம்மா விடாம பதில் சொல்லுவாங்க.

எங்க வீட்டு விசயத்துக்கு வாறேன். எங்க மாமா இறந்தபிறகு மாமி ஆறு மாசம் சரியா பேசல. சோறு வச்சா ரெண்டு வாய்தான். எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டில். மாமியும் நானும் பிள்ளைகளும் மட்டும். டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை தந்து, பேச்சுக் கொடுங்கன்னு சொன்னாங்க. கரண்ட் பில், லோன் தவணை தவிர எனக்கு என்ன பேச்சு இருக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் ‘காதலிக்க நேரமில்லை’ ஓடிச்சு. 1964-ல் ஸ்ரீதர் எடுத்த படம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ற இடம் வந்தது. பாலையா முகத்தைப் பார்த்ததும் மாமி சிரிச்சிட்டாங்க. “கோயில் கொடைக்குத் திரை கட்டி இதைப் போட்டப்ப, ஒனக்க மாமாவும் நானும் பாய் கொண்டு போயி பாத்தோம் பிள்ளே”ன்னு சொன்னாங்க. அதுவரை மாமா பேச்சையே எடுக்காதவங்க, அன்னைக்கு சிரிச்சுக்கிட்டே அழுதாங்க. ராத்திரி உள்ளித்தீயல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. மாத்திரை வேண்டாம்னு நான் சொல்லல. மாத்திரையோட இதுவும் சேர்ந்தது.

பிறகு ‘மிஸ்ஸியம்மா’, ‘தில்லு முல்லு’ன்னு ஒவ்வொண்ணா பார்த்தோம். ‘மிஸ்ஸியம்மா’ 1955-ல் வந்தது. வாத்தியார் வேலைக்காக ஜெமினி கணேசனும் சாவித்திரியும் புருசன் பெண்டாட்டின்னு பொய் சொல்லி மாட்டிக்கிட்டு முழிப்பாங்க. ‘தில்லு முல்லு’ 1981. ஒரு மீசையை வச்சு தேங்காய் சீனிவாசனை ரஜினி ஏமாத்துவார். வெட்டு குத்து கிடையாது. மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கதும் கிடையாது.

“முடிவு தெரிஞ்ச படத்தை ஏன் திரும்பப் பாக்கிய?”ன்னு பிள்ளைக கேக்கும். முடிவு தெரிஞ்சதாலதான் பார்க்கோம். மழை விழுந்தா ரப்பர் பால்வெட்டு உண்டா, இந்த மாசம் பணம் வருமா, ஒண்ணும் நமக்கு நிச்சயமில்லை. அந்த ரெண்டரை மணி நேரம் மட்டும் எல்லாம் நல்லபடியா முடியும்னு நிச்சயம். அந்த நிம்மதியில மனசு கொஞ்சம் இறங்கி உக்காருது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். படத்தில் ரவிச்சந்திரன் பாலையா வீட்டு முன்னால கூடாரம் அடிச்சு உக்காருவார். நாம சிரிப்போம். நெசத்துல ஒருத்தன் நம்ம பெண்பிள்ளை வீட்டு முன்னால அப்படி உக்காந்தா அது காதல் இல்லை. உடனே 181-க்குப் போன் போடணும். இதைப் பிள்ளைகளோட சேர்ந்து பார்க்கும்போதே சொல்லிக் கொடுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு கூட்டம் முடிஞ்சு, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டபிறகு, ஒரு பழைய படம் சேர்ந்து பார்ப்போம். தனியா இருக்கிற வயசான அம்மாக்களையும் கூட்டிட்டு வருவோம். யாராவது சோலி இல்லையான்னு கேட்டா, சோலி முடிச்சிட்டுத்தான் உக்காந்திருக்கோம்னு சொல்லுங்க.