பசிக்குச் சான்றிதழ் கேட்பதா?

 



பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு வழங்கப்படும் இலவச உணவு எல்லாப் பிள்ளைகளுக்குமா, ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டுமா என்பது பற்றி நம் புதுப்பட்டினத்திலும் பேச்சு நடக்கிறது. தொழுகை முடிந்து வெளியே வரும்போதே சிலர் கேட்கிறார்கள்: “ஹஜ்ரத், வசதி உள்ளவர் பிள்ளைக்கும் எதற்கு அரசாங்கம் உப்புமா கிண்டிப் போட வேண்டும்? பொதுப்பணம் வீண்தானே?” கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. விரயம் ஹராம் என்று மிம்பரில் நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள். ஆகவே மார்க்கத்தின் ஒளியில் இதற்குப் பதில் தேடுவது நம் மீது கடமையாகிறது.

முதலில் அவர்கள் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். ஜகாத் எல்லோருக்கும் உரியதன்று. சூரத்துத் தவ்பாவின் 60ஆவது வசனத்தில் அல்லாஹுத்தஆலா எட்டு வகையினரை எண்ணிச் சொல்லி வரம்பு கட்டிவிட்டான். செல்வந்தருக்கும், உழைத்துச் சம்பாதிக்கும் வலிமை உள்ளவருக்கும் அதில் பங்கில்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அதை அவர்கள் அறிவித்த விதத்தைக் கவனியுங்கள். ஹஜ்ஜத்துல் விதாவின்போது திடகாத்திரமான இருவர் வந்து ஸதகாப் பொருளில் கேட்டார்கள். நபியவர்கள் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்கள். சட்டத்தை எடுத்துச் சொன்னார்கள். பின்னர், நீங்கள் விரும்பினால் தருகிறேன் என்று முடிவை அவ்விருவரின் மனசாட்சியிடமே விட்டுவிட்டார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. சாட்சி கொண்டு வா என்றோ, வீட்டைச் சோதிக்கிறேன் என்றோ சொல்லவில்லை. கேட்டவர்களோ வளர்ந்த ஆண்கள்.

அப்படியிருக்க, ஆறு வயதுப் பிள்ளையிடம் நாம் என்ன கேட்கப் போகிறோம்?

வருமானச் சான்றிதழ் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நம் கடற்கரையில் ஃபைபர் படகில் போகும் ஒருவருடைய வருமானத்தை எந்த நாளில் அளப்பது? ஒரு விடியலில் வலை நிறைய மீன் வரும்; ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் படகு கரையிலேயே கிடக்கும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர் வீடு வசதியான வீடு என்றே ஊர் எண்ணும். கஃபீல் மூன்று மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தால் அந்த வீட்டு அடுப்பின் நிலையைப் பக்கத்து வீட்டாரும் அறியமாட்டார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தபோது, மாடி வீட்டுக்காரரும் ஓலைக் குடிசைக்காரரும் ஒரே ஈர உடையோடு இந்தச் சாலையில் நின்றதை நம்மில் வயது வந்தவர்கள் மறந்திருக்க முடியாது. முந்தின நாள் வாங்கிய சான்றிதழ் அன்று யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

சான்றிதழ் கேட்டால் முதலில் விடுபடுபவர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒரு நாள் கூலியை இழந்து நிற்க முடியாதவர், படிக்கத் தெரியாத தாய், கேட்பதற்கு நாணும் கண்ணியமான ஏழை ஆகியோரே. சூரத்துல் பகராவின் 273ஆவது வசனம் இப்படிப்பட்டவர்களைத்தான் அறிமுகப்படுத்துகிறது: கேட்கமாட்டார்கள், அவர்களுடைய பேணுதலைப் பார்த்து, விவரம் அறியாதவன் செல்வந்தர்கள் என்றே எண்ணிக்கொள்வான். வீடு வீடாகச் சுற்றி ஒரு கவளம், இரு கவளம் பெற்றுச் செல்பவனைவிட, தேவை இருந்தும் பிறர் கண்ணுக்குத் தெரியாதவனே உண்மையான மிஸ்கீன் என்ற கருத்தில் புகாரீயில் நபிமொழி இருக்கிறது. தகுதிப் பட்டியல் தயாரிக்கும் எந்த அலுவலகத்தாலும் இந்த மிஸ்கீனைக் கண்டுபிடிக்க முடியாது.

இவ்விடத்தில் அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் வரலாறு ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் தபகாத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். மதீனாவில் வந்து தங்கிய ஒரு வணிகக் கூட்டத்துக்கு உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் காவல் நின்றார்கள். ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. உமர் (ரலி) அவர்கள் போய்ப் பிள்ளையைக் கவனிக்குமாறு தாயிடம் சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் போனார்கள். கடைசியில் அந்தத் தாய், தன்னிடம் பேசுபவர் யாரென்றே தெரியாமல் சொன்னாள்: பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை எழுதுகிறார், அதனால் இதற்கு இப்போதே பாலை மறக்கடிக்கிறேன். அன்று ஃபஜ்ரு தொழுகையில் கலீஃபாவின் அழுகையால் அவர்களுடைய கிராஅத் மக்களுக்கு விளங்கவில்லை. எத்தனை பிள்ளைகளைக் கொன்றுவிட்டேனோ என்று அஞ்சினார்கள். இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தது முதலே தொகை உண்டு என்று பறைசாற்றச் செய்து, ஆளுநர்களுக்கும் எழுதினார்கள்.

அந்த நிபந்தனையும் பைத்துல்மாலை விரயமின்றிக் காக்கவே போடப்பட்டிருக்கும். வலி முழுவதும் பேசத் தெரியாத குழந்தையின் வயிற்றில் இறங்கியது. உமர் (ரலி) அவர்கள் அந்தத் தாயைக் கண்டிக்கவில்லை; நிபந்தனையையே நீக்கினார்கள்.

நம் தமிழகமும் இந்த வழியில்தான் படிப்படியாக நடந்து வந்திருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சியில் சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு தொடங்கியது. (அந்தப் பகுதிக்குப் பெயர் வந்ததே அங்குள்ள பள்ளிவாசலால்தான்.) 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த திட்டம், பொதுமக்கள் நன்கொடையையும் சேர்த்துக்கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளித்தது. அது மாபெரும் அறம், அதில் ஐயமில்லை. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளை வருமானம் கேட்காமல் பந்தியில் உட்கார வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் பதினைந்து வயது வரைக்கும் விரிந்தது. கஜானா தாங்குமா என்று அன்றும் கேட்டார்கள். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமைத்த உணவு தர வேண்டும் என்று ஆணையிட்டது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024இல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் சென்றது. உப்புமா, கிச்சடி, பொங்கல் போன்ற சைவ உணவே என்பதால் ஹலால் பற்றிய கவலைக்கும் இடமில்லை.

பிரித்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செல்வம் கொழிக்கும் அமெரிக்காவே சாட்சி. அங்கே பல்லாண்டுகளாக முழு விலை, குறைந்த விலை, இலவசம் என மூன்று வகை. பெற்றோர் பாக்கி வைத்ததற்காகப் பிள்ளையின் கையில் முத்திரை குத்திய பள்ளிக்கூடங்களும், சூடான தட்டைத் திரும்பப் பிடுங்கிய பள்ளிக்கூடங்களும் உண்டு. இப்படி அவமானப்படுத்துவதைத் தடுக்க 2017இல் நியூ மெக்சிகோ மாநிலம் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியா 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம் என்று ஆக்கியது.

சகோதரர்களே! இவ்வளவு தூரம் போவானேன்? நம் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். அஸருக்குப் பின் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் முதலாளி வீட்டுப் பிள்ளையும் உண்டு, கூலிக்காரர் பிள்ளையும் உண்டு. மாற்று மதச் சகோதரர் வீட்டுப் பிள்ளையும் உண்டு. அண்டாவின் அருகே நிற்பவர் யாரிடமும் எதையும் விசாரிப்பதில்லை. வசதியான வீட்டு வாளியும் அங்கே இருப்பதால்தான் வறிய வீட்டு வாளி கூச்சமின்றி வருகிறது. வசதியானவர்கள் கஞ்சிக்கு வரக் கூடாது என்று நாளை ஓர் அறிவிப்புப் பலகை மாட்டிப் பாருங்கள்; மறுநாள் ஏழையும் வரமாட்டார்.

செல்வந்தரின் பிள்ளைக்குப் போகும் பங்கு வீண்தானே என்பதற்கும் நபிமொழியில் விடை உண்டு. இரவில் தர்மம் செய்யப் போன ஒருவரின் பொருள் முதல் நாள் திருடனுக்கும், மறுநாள் விபசாரிக்கும், மூன்றாம் நாள் செல்வந்தனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஊர் ஏளனம் பேசியது. ஆனால் அந்தச் செல்வந்தன் அதைப் பார்த்துப் படிப்பினை பெற்றுத் தானும் செலவிடக்கூடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தெரிந்தே செல்வந்தருக்கு ஜகாத் கொடுக்க இது ஆதாரமாகாது. தவறிப் போகும் ஒரு கவளத்துக்காக அன்னப் பாத்திரத்தையே மூடிவிடாதீர்கள் என்பதற்கு நிச்சயம் ஆதாரமாகும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சற்றுக் கசக்கும். 2023இல் சில ஊர்களில், காலை உணவு சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதற்காகப் பெற்றோர் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. செய்தியைப் படித்து நாம் முகம் சுளித்தோம். ஆனால் நம் வீடுகளில், “அது ஏழைப் பிள்ளைகள் சாப்பாடு, நீ தொடாதே” என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புகிறோமே, அது அதிலிருந்து எவ்வளவு தூரம்? உங்கள் பிள்ளைக்குப் பசியில்லை என்றால் சாப்பிட வேண்டாம். இழிவு என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் யதீம் பிள்ளையின் காதில் அது விழும். இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்தை ஓதி வளரும் பிள்ளையின் வாயிலிருந்து விழும். யார், எவர் என்று அறியாத விருந்தினருக்குக் கொழுத்த கன்றைச் சமைத்து முன்னால் வைத்த நபியல்லவா அவர்கள்!

இறுதியாக ஜமாஅத் நிர்வாகிகளின் கவனத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஃபஜ்ருக்குப் பின் மக்தபுக்கு வரும் சின்னஞ்சிறுவர்களில் பலர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் காலை உணவு வகுப்பு தொடங்குமுன் முடிந்துவிடுகிறது. உஸ்தாதுமார்கள் பாடத்தைக் கால் மணி நேரம் முன்னதாகவே முடித்து, பந்திக்கு நேரத்தோடு அனுப்பி வைக்க வேண்டும். மற்றொன்று: 2022 முதல் 2025 வரை வந்த விரிவாக்கங்கள் எல்லாம் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானவை. அதற்கு மேல் படிக்கும் பிள்ளைகளும் நம் மக்தபில் ஓதுகிறார்கள். அவர்களுக்கு ஓர் அண்டா காலைக் கஞ்சி நம்மால் முடியாததன்று. அதற்கு ஜகாத் பணத்தைத் தொடாதீர்கள். அதை உரியவர்களுக்கே கொடுக்க வேண்டும், விசாரித்தாக வேண்டும். கஞ்சிக்கென்று தனியாக ஸதகா திரட்டுங்கள். அப்போதுதான் மக்தபில் ஓத வரும் எந்தப் பிள்ளையையும் எதுவும் கேட்காமல் உட்கார வைக்க முடியும். விருப்பமுள்ளவர்கள் இன்று ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லியிடம் பெயர் கொடுக்கலாம். பெயர் வேண்டாம் என்பவர்கள் உண்டியலில் போடலாம்.