அம்மாவின் கிளியும் ஒரு மில்லிலீற்றர் இரத்தமும்



வழக்கமாக இந்த நேரத்தில் வருமான வரி, ஓய்வூதியம், வீட்டுக்கடன் என்று பேசுகிறவன் நான். இன்றைக்குக் கிளிக்கு இரத்தம் சோதிப்பது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நிலையத்தில் நின்ற தம்பி ஒருவர் சிரித்துவிட்டார். அவரில் பிழையில்லை. போன தை மாதம்வரை நானும் சிரித்தவன்தான்.

எங்கள் வீட்டில் ஒரு ஆபிரிக்கச் சாம்பல் கிளி இருக்கிறது. அயலில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போனபோது என் மகள் கேட்டு வாங்கி வந்தது. மகள் பல்கலைக்கழகம் போன பிறகு கிளி அம்மாவுடையதாகிவிட்டது. அம்மாவுக்கு எண்பது வயது. நாங்கள் வேலைக்குப் போனால் இந்த லண்டன் வீட்டில் அவரோடு கதைக்கிற ஒரே சீவன் அதுதான். "தம்பி, சாப்பிட்டியோ?" என்று அம்மாவின் குரலிலேயே கேட்கும்.

தை மாதத்தில் ஒரு காலை, தடியில் இருந்த கிளி பொத்தென்று கூட்டின் அடியில் விழுந்து, சிறகை அடித்து வலிப்பு வந்ததுபோல் நடுங்கியது. ஒரு நிமிடத்தில் எழும்பி ஒன்றும் நடவாததுபோல் இருந்தது. முதலில் கொண்டுபோன இடத்தில் இருந்தவர் நாய் பூனை பார்க்கிற வைத்தியர். தொட்டுப் பார்த்து ஒரு மருந்து தந்து அனுப்பினார். நாலாம் நாள் மறுபடியும் விழுந்தது.

அடுத்துப் பறவைகள் பார்க்கிற மிருக வைத்தியரிடம் போனோம். இரத்தம் சோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். செலவு, இருபது வீத வற் வரியும் சேர்த்து, இருநூறு பவுணுக்கு மேல். "இந்தக் காசுக்கு எத்தனை கிளி வாங்கலாம் அம்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். (சாம்பல் கிளியின் விலை தெரிந்தவர்கள் என் கணக்கைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.)

அம்மா சொன்னார்: "எனக்குச் சீனிக்கு எத்தினைதரம் இரத்தம் எடுக்கிறாங்கள். நானெண்டால் நோகுதெண்டு வாய் திறந்து சொல்லுவன். அது என்னெண்டு சொல்லும்?"

பிறகு, நான் அதுவரை கேள்விப்படாத ஒன்றையும் சொன்னார். 1995 ஒக்டோபர் 30, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவு, ஊரில் தான் வளர்த்த பச்சைக்கிளியின் கூட்டைத் திறந்து வைத்துவிட்டு வந்தாராம். அது பறந்ததோ, கூட்டுக்குள்ளேயே இருந்ததோ அவருக்குத் தெரியாது. நான் அதற்குப் பிறகு காசு பற்றிக் கதைக்கவில்லை.

அம்மா கேட்ட கேள்விக்கு வைத்தியரும் அதே பதிலைத்தான் தந்தார். கிளி ஆயிரம் கதைக்கும், தன் வருத்தத்தை மட்டும் மறைக்கும். காட்டில் சோர்ந்து இருக்கிற பறவையைப் பருந்து முதலில் பிடிக்கும். அதனால் இயலுமானவரை சுகமாக இருப்பதுபோல் நடிக்கும். நாங்கள் கண்டுபிடிக்கும்போது வருத்தம் முற்றியிருக்கும்.

இரத்தம் எடுப்பதை அருகில் நின்று பார்த்தேன். கிளியைத் துவாயால் சுற்றினார்கள். நெஞ்சை அமத்தக் கூடாதாம். பறவைக்கு எங்களைப்போல் உதரவிதானம் இல்லை, நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு. கழுத்தின் வலப்பக்கத்து நாளம் இடப்பக்கத்ததைவிடப் பெரியது. அந்த இடத்தில் இறகும் இல்லை. அதில் மெல்லிய ஊசியைப் போட்டு ஒரு மில்லிலீற்றர் எடுத்துவிட்டு, விரலால் நன்றாக அழுத்திப் பிடித்தார்கள்.

ஒரு மில்லிலீற்றர் என்பது சும்மா சொன்ன அளவல்ல. பறவையின் உடல் நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இரத்தம். சுகமான பறவையிடம் நிறையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எங்கள் கிளி 450 கிராம், ஆகவே உச்ச எல்லை 4.5 மில்லிலீற்றர். எங்கள் ஆட்கள் 'லவ்பேட்ஸ்' என்று சொல்கிற சின்னப் பட்ஜி 35 கிராம் என்றால் 0.35 மில்லிலீற்றர், ஏழு துளிதான். சோர்ந்த பறவையென்றால் இன்னும் குறைவு.

எங்களுடைய இரத்தம் சோதிக்கிற இயந்திரம் இதற்குச் சரிவராது. எங்கள் செங்குழியத்தில் கரு இல்லை, பறவையின் செங்குழியத்தில் கரு இருக்கிறது. இயந்திரம் குழம்பிவிடும். ஒருவர் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து எண்ணத்தான் வேண்டும். செலவின் ஒரு பகுதி அங்கே போகிறது.

அறிக்கை வந்தது. ஒரு வணிகமாணிக்கு அது ஐந்தொகைபோலவே இருந்தது. யூரிக் அமிலம் சிறுநீரகத்தைக் காட்டும், ஆனால் சிறுநீரகம் பெருமளவு பழுதான பிறகுதான் ஏறும். ஏ.எஸ்.ரி. என்ற நொதியம் ஈரல் பழுதானாலும் ஏறும், தசை நொந்தாலும் ஏறும். ஆகவே தசைக்குரிய சி.கே. என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கணக்கை மட்டும் பார்த்து முடிவு சொல்கிற கணக்காளனை யார் வேலைக்கு வைத்திருப்பார்கள்?

எங்கள் கிளியின் அயன் கல்சியம் லீற்றருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் இருக்க வேண்டியது, 0.7ஆக இருந்தது. சாம்பல் கிளிகளுக்குக் கல்சியம் குறைந்து வலிப்பு வருவது பறவை வைத்தியர்கள் நன்றாக அறிந்த விஷயம். ஈயம், நாகம் ஆகிய உலோகங்கள் உடலில் ஏறினாலும் வலிப்பு வரலாம் என்பதால் அவற்றையும் சோதித்தார்கள். நல்லகாலம், இல்லை. நாகம் பூசிய மலிவான கம்பிக்கூடு வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கிளி கம்பியைச் சப்பும்.

காரணம், சூரியகாந்தி விதை. கொழுப்பு நிறைய, கல்சியம் குறைவு. அம்மா ஆசையாகக் கை நிறையக் கொடுத்தது. "நான்தான் கெடுத்திட்டனோ" என்று அன்று இரவு முழுக்க அம்மா நித்திரை கொள்ளவில்லை. யன்னலோரம் கூட்டை வைத்திருந்தோமே என்று நான் கேட்டேன். வெயிலில் விற்றமின் டி உண்டாக்குகிற கதிரைச் சாதாரணக் கண்ணாடி மறித்துவிடுமாம். லண்டன் மாரி வெயிலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? கல்சிய ஊசி போட்டார்கள். பறவைகளுக்கான விசேட விளக்கு வாங்கினோம். உணவையும் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல மாற்றினோம். திடீரென்று மாற்றினால் கிளி பட்டினி கிடக்கும்.

சித்திரையில் இரண்டாவது சோதனை. கல்சியம் ஒன்றைத் தொட்டிருந்தது. வைத்தியர் சொன்னது, சுகமாக இருந்த காலத்தில் ஒரு சோதனை செய்திருந்தால் ஒப்பிட ஓர் இலக்கம் இருந்திருக்கும் என்று. எங்கள் பாஷையில் முன்கொணர்ந்த மீதி. அது இல்லாமல் கணக்கைத் தொடங்கினோம்.

நேயர்களில் பறவை வளர்ப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வைத்தியரைப் பதிய முன்பு, பறவைகள் பார்க்கிறவரா என்று தொலைபேசியில் கேளுங்கள். மிருகவைத்தியர் பதிவுச்சபையான ஆர்.சி.வி.எஸ்.இன் பட்டியலிலும் விசேட தகைமை உள்ளவர்களைத் தேடலாம். மற்றது, வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் விடாமல் இருந்தால், கிளி வளர்க்கிறோம் என்று உங்கள் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிட்டக்கோசிஸ் என்ற கிருமி நோய் கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றி நியூமோனியாவாக வரலாம். தெரிந்தால் மருந்து இருக்கிறது.

போன கிழமை அம்மாவின் சீனி அறிக்கையும் கிளியின் மூன்றாவது அறிக்கையும் ஒரே நாளில் வந்தன. அம்மா கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "முதல்ல அதின்ரையை வாசி தம்பி" என்றார்.